நைலெக்ஸ் திரி

அந்தப் பழைய மோரிஸ் மைனர் கார் புதுச்சத்திரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. கிரேன் வண்டி அதைச் சங்கிலியில் தொங்கவிட்டபடியே தோட்டத்துப் பாதையில் ஊர்ந்து வந்தது. சக்கரமும் இல்லை, பானெட்டும் இல்லை. துருப்பிடித்த வெறும் கூடு. முன்கண்ணாடி மட்டும் உடைந்திருந்தது. மற்றக் கண்ணாடிகள் ஏற்றிவிட்டபடியே பாசி பூத்து நின்றன. அடித்தகட்டிலிருந்து கறுப்பாக ஏதோ சொட்டிக்கொண்டே வந்தது. எங்கள் நாய் அதை முகர்ந்தது. ஓரமாகப் போய் வாந்தியெடுத்தது.

நான் கோழிப்பண்ணைகளுக்கு நடுவில் வளர்ந்தவன், நாற்றம் எனக்குப் புதிதல்ல. ஆனால் இது வேறு. செத்த எலியும் அழுகிய முட்டையும் கலந்த வாடை, அதற்கு அடியில் ஒரு தித்திப்பு. அந்தத் தித்திப்புதான் நாக்கில் ஒட்டியது.

என் மனைவி சத்யபிரியா சிரித்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தாள்.

"ஏனுங்க மாமா, மூக்கப் புடிச்சுட்டு நிக்கறீங்க? சாக்பீஸ் புடிக்கற கைய இதுல வெக்க வேண்டாம். தள்ளியே நில்லுங்க."

சங்ககிரியில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வளர்ந்தவள் அவள். அப்பா போனபின் பட்டறையை அண்ணன் எடுத்துக்கொண்டான். பொம்பளைக்கு எதற்கு வெல்டிங் என்று கேட்டான். அண்ணன் வாசலில் தன் கையால் செய்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், கூரையை வெட்டி எடுத்துவிட்டுத் திறந்த காராக்கி நிறுத்த வேண்டும் என்பது அவள் ஆசை.

வண்டியைக் கொடுத்தவர் ஊரில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் பெரியசாமி. நெடுஞ்சாலை ஓரமாக இருந்த அவருடைய பழைய கிணற்றை மூடப் போகிறார். எந்தக் காலத்திலோ சாலையிலிருந்து பாய்ந்து விழுந்து, அதன் அடியில் கிடந்தது இது.

"உள்ள இருந்தவங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எங்கப்பன் காலத்துலயே எடுத்தாச்சுங்க சார். அம்மணி கேட்டுதுன்னு குடுக்கறேன். இல்லீன்னா மண்ணோட மண்ணாப் போயிருக்கும்."

சத்யா வண்டியைக் கொட்டகையில் கருங்கற்களின் மேல் ஏற்றி வைத்துச் சேற்றை வாரினாள். கெளுத்தி மீனின் முட்கள், நத்தை ஓடுகள், முடியா வேரா என்று தெரியாத சிக்குகள். கம்பி பிரஷால் தேய்த்தபோது துரு, ஆறாத புண்ணின் பொருக்குப் போலப் பெயர்ந்து வந்தது. பெயர்ந்த இடத்தில் தகரம் ஈரமாக இருந்தது. வெயிலில் எத்தனை நாள் கிடந்தும் அந்த ஈரம் காயவில்லை.

ஒருநாள் நான் பள்ளியிலிருந்து திரும்பியதும் கொட்டகையிலிருந்து கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாருங்க மாமா. எந்தக் கிறுக்கன் பாத்த வேலையோ."

காரின் தரைத் தகட்டில் தண்ணீர் வடிவதற்கென்று ஓட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் துணியை இறுக்கித் திரித்து அடைத்திருந்தது. ஸ்டியரிங் தண்டு நுழையும் துளையிலும், மிதிகள் இறங்கும் துளையிலும், டேஷ்போர்டிலும், கதவின் சாவித்துவாரத்திலும்கூடத் துணி.

எல்லாம் உள்பக்கமிருந்து அடைத்தவை.

ஒன்றை இடுக்கியால் இழுத்தாள். வழவழவென்று, அழுகிய நாக்கைப் போல, நீளமாக வந்தது. கழுவினால் ஊதாப் பூப்போட்ட நைலெக்ஸ் சேலைத் துணி. அந்தக் காலத்து நைலான், எத்தனை வருஷமானாலும் மக்காது. இன்னொரு திரியின் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. சுண்டிப் பார்த்தாள்.

மனித நகம்.

அவள் எல்லாவற்றையும் பிடுங்கிக் குவித்துத் தீ வைத்தாள். நைலான் உருகிச் சொட்டுச் சொட்டாக விழுந்தது. புகை, பொசுங்கும் மயிரின் வாடையோடு சமையலறை வரை வந்தது.

மறுநாள் காலையில் எல்லா ஓட்டைகளும் மறுபடியும் அடைத்திருந்தன.

அதே ஊதாப் பூ. ஈரமாக.

"பள்ளிக்கூடத்துல வேல கம்மியா மாமா? நீங்கதான செஞ்சீங்க?"

"நான் கொட்டகைப் பக்கமே போகல சத்யா."

"அப்ப நாய்தான் அடைச்சுதா?" என்று சிரித்தாள். பிடுங்கினாள். அடுத்த நாளும் அடைத்திருந்தது. அவளுக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது. பள்ளி விட்டு வந்தால், இடுக்கியும் கையுமாக வண்டிக்குள் குனிந்திருக்கும் அவள் முதுகுதான் தெரியும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவள் விரலிடுக்கில் அந்தத் தித்திப்பு வாடை இருந்தது. அவள் பிசைந்து வைத்த தயிர்சோற்றை என்னால் விழுங்க முடியவில்லை.

பிறகு அது வீட்டுக்குள் வந்தது.

பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. குச்சி விட்டுப் பார்த்தால் திரி. குளியலறைத் தூம்பில் திரி. ஒரு மாலை, ஃபில்டர் குழாயில் டம்ளரைப் பிடித்தேன். தண்ணீர் நூலாக வந்தது. டம்ளருக்குள் பார்க்காமல் குடித்தேன்.

உதட்டில் ஏதோ வழுக்கியது.

இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. பாதி என் தொண்டைக்குள் இருந்தது.

அன்றிரவு முழுக்க வாந்தி எடுத்தேன். விடிந்தபோது பக்கத்து அறையில் சத்யா இருமிக்கொண்டிருந்தாள். வாஷ்பேசினில் அவள் துப்பியது பழுப்பாக, சேறு கரைத்தது போல இருந்தது. அதில் பச்சையாகப் பாசி.

நான் நேராகப் பெரியசாமியின் பண்ணைக்குப் போனேன். முட்டை அட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"உள்ள யாருங்க இருந்தாங்க?"

அட்டையை இறக்கி வைத்தார். "ஒரு டிரைவர், ஒரு பொம்பளையாளு. ஐப்பசி மழைங்க, கெணறு ததும்பி நின்னுது. மேட்டூர்ல மீன் புடிக்கறவங்க வந்து முங்கி, முன்கண்ணாடிய ஒடச்சுத்தான் வெளிய எடுத்தாங்களாம்."

"அப்புறம்?"

"அந்தம்மா மேல பாதிச் சேலதான் இருந்துதாம். மிச்சத்த மீனு தின்னுருச்சுன்னு பேசிக்கிட்டாங்க."

"நைலான் சேலைய மீன் திங்குமாங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்கப்பன் அதுக்கப்புறம் அந்தத் தண்ணிய வாயில வெக்கலீங்க சார்."

வீட்டுக்குத் திரும்பியபோது சத்யா வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். கையில் இடுக்கி. மடி நிறையத் திரிகள். உதடு நீலமாக இருந்தது.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். முதுகில் ஊசி போட்டு இழுத்தார்கள். பாட்டிலில் நிறைந்த பழுப்பு நீரைப் பார்த்து நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அறை முழுவதும் கிணற்று வாடை.

பெரியசாமி சொன்னதை சத்யாவிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு என்னைக் கிட்டே வரச்சொல்லி மெல்லிய குரலில் பேசினாள்.

"தண்ணி உள்ள வரக்கூடாதுன்னுதான் மாமா அடைச்சிருக்கா. இன்னும் அடைச்சுட்டே இருக்கா."

"பேசாத சாமி."

"நான் எல்லாத்தையும் புடுங்கிட்டனே."

நடுப்பகலில் இளநீர் வாங்கக் கீழே போனேன். திரும்பி வந்தபோது அவள் மூக்குத் துளை இரண்டிலும் ஊதாத் திரி இருந்தது. வாய் திறந்திருந்தது. அமைதியாக, சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து அப்படி அவள் மூச்சு விட்டதில்லை.

"யாருங்க இத வெச்சது, நீங்களா?" என்று நர்ஸ் அதட்டினாள். இடுக்கியை எடுத்தாள்.

சத்யா தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று ஆட்டினாள்.

இரண்டும் வெளியே வந்தன.

பின்னாலேயே தண்ணீர் வந்தது. மூக்கிலிருந்து, வாயிலிருந்து, காதிலிருந்து. படுக்கை நனைந்து, தரையில் ஓடி, பக்கத்துக் கட்டிலின் அடிவரை போனது. ஒரு மனித உடம்பில் அவ்வளவு தண்ணீர் இருக்காது. தண்ணீர் நின்றபோது சத்யாவுக்கு உயிர் இல்லை.

காரியம் முடிந்ததும் கொட்டகைக்குப் போனேன். ஓட்டைகள் எல்லாம் அடைத்திருந்தன. ஊதாவுக்கு நடுவே அங்கங்கே வேறொரு துணியும் இருந்தது. கிரீஸ் கறை படிந்த நீலக் காக்கி. சத்யா வேலைக்குப் போட்டுக்கொள்ளும் சட்டை. அந்தச் சட்டையை அவளோடு சேர்த்துத்தான் எரித்திருந்தோம்.

நான் எதையும் தொடவில்லை. பெரியசாமி கிரேனைக் கூட்டி வந்து வண்டியைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி, லோடு லோடாக மண்ணைக் கொட்டினார்.

நான் சேலத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு மாடி வீடொன்றில் தனியாக இருக்கிறேன். சில நாட்களாக இடது காது கேட்கவில்லை. காது டாக்டரிடம் போனேன். விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இவ்வளவு ஆழத்துல யாருங்க துணிய வெச்சது?"

நான் வாய் திறப்பதற்குள் இடுக்கி உள்ளே போய்விட்டது. வெளியே வந்ததை வெள்ளைத் தட்டில் போட்டார். நீலக் காக்கி. ஈரமாக, கிரீஸ் வாடையோடு. நன்றாகத் திரித்து, பொறுமையாக இறுக்கியிருந்தது.

"இப்ப நல்லாக் கேக்குதுங்களா?"

கேட்டது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. வெளியே டோக்கன் கூப்பிடுவது கேட்டது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். சாலை வெயிலில் காய்ந்து கிடந்தது. சீலநாயக்கன்பட்டி தாண்டும்போது இடது காதிலிருந்து ஏதோ குளிர்ச்சியாக வழிந்து காலருக்குள் இறங்கியது. விரலால் தொட்டு மூக்கருகில் வைத்தேன்.

அந்தத் தித்திப்பு.

பக்கத்தில் இருந்தவர் கர்சீப்பால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து வேறு இருக்கைக்குப் போனார். நான் என் சட்டையின் ஓரத்தைக் கிழித்துத் திரிக்கத் தொடங்கினேன்.