அம்மாவின் பெயர் இல்லாத ஃபைல்

அம்மாவுக்குப் பூஜ்ஜியம் போட்டுவிட்டார்கள்.

கல்லூரியிலிருந்து வந்த அம்மா தோள்பையைக்கூட இறக்காமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மகள் வாலு பக்கத்தில் வந்து நின்றாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற அவளுக்கு வீட்டில் அதுதான் பெயர்.

"எதுக்கும்மா பூஜ்ஜியம்?"

"நான் ஒரு வரிகூட எழுதலையாம்."

இது அநியாயம்! அம்மா பகலில் ஆஸ்பத்திரியில் ஆயா. மாலையில் கல்லூரி முதலாம் ஆண்டு மாணவி. ஆங்கில வகுப்பில் ஐந்து பேர் சேர்ந்து, புதிதாக ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டி ஒன்றை ஒரே ஆன்லைன் ஃபைலில் எழுத வேண்டும். எந்த அறை எங்கே என்று அம்மாவுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். ஒரு நோட்டு முழுக்க அடித்து அடித்து எழுதினாள்.

அதை டைப் செய்தது வாலு. "என் ஸ்கூல் டேப்லெட்லயே அடிச்சிடறேம்மா, சீக்கிரம் முடியும்!" என்று பீற்றிக்கொண்டதும் அவள்தான்.

யார் எவ்வளவு எழுதினார்கள் என்று அந்த ஃபைல் காட்டுமாம். அம்மாவின் பெயரே அதில் இல்லை. வாலுவின் டேப்லெட்டில் அடித்ததால், அவள் எழுதியதெல்லாம் யாரோ ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் பெயரில் இருந்தது.

"நீ சொல்ல வேண்டியதுதானே?"

"வாயே வரலைடி. சின்னப் பசங்க முன்னாடி மானம் போச்சு. போதும், நாளையிலேர்ந்து நான் போகலை."

அம்மா சத்தமில்லாமல் அழுதாள். எல்லாம் தன்னால்தான் என்று நினைக்க நினைக்க வாலுவுக்கும் அழுகை வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஃபைலைத் திறந்தாள். பக்கத்தின் ஓரத்தில் ஆசிரியைக்கு எழுதினாள்: 'மிஸ், எழுதினது அம்மா. டைப் அடிச்சது மட்டும் நான். தப்பு என்னோடது.' நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்தும் சேர்த்தாள்.

அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: 'இது யார் கையெழுத்து என்று எனக்கு எப்படித் தெரியும்?'

அவ்வளவுதான். வாலுவுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது. ஆனாலும் கடைசியாக ஒன்று எழுதினாள்: 'அப்போ ஆஸ்பத்திரியைப் பத்தி இப்பவே ஏதாவது கேளுங்க மிஸ். அம்மாவே அடிப்பாங்க.'

"அய்யோ, எனக்கு அடிக்க வராதுடி!"

"மெதுவா அடிம்மா. யாரும் துரத்தலை."

அம்மாவின் பெயரில் ஃபைலைத் திறந்து டேப்லெட்டை அவள் மடியில் வைத்தாள். திரையில் ஆங்கிலத்தில் கேள்வி வந்தது: 'கைக்குழந்தையோடு வாசலில் நிற்கிறேன். தடுப்பூசி எங்கே போடுவார்கள்?'

அம்மா ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடினாள். ஒன்றை அடித்தாள், இரண்டை அழித்தாள். வாலுவுக்குக் கை துறுதுறுத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒரு சொல்லில் எழுத்துப் பிழை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

பதினைந்து நிமிடத்தில் ஆங்கிலத்தில் மூன்று வரி ஆயிற்று: 'உள்ளே வாருங்கள். இடது பக்கம் நான்காவது கதவு. பயப்படாதீர்கள், அங்கே எல்லாக் குழந்தையும் அழும்.'

பிறகு ஆசிரியை எழுதினார்: 'கதவைக் கண்டுபிடித்துவிட்டேன். பூஜ்ஜியத்தை அழித்துவிட்டேன். நாளை வகுப்புக்கு வாருங்கள்.'

வாலு துள்ளிக் குதித்தாள். "பதில் நான் அடிக்கட்டுமா?"

"கையை எடுடி," என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நானே அடிக்கிறேன்."