கண்ணாடியின் உள்பக்கம்

அடி அண்ணாமலையில் துக்க வீட்டுத் தெருவுக்குள் என் வண்டி நுழைந்தபோது பந்தல் போட்டு முடித்திருந்தார்கள். வழியெங்கும் இறந்துபோன சிப்பாய் மணிவேலின் படத்தோடு பேனர்கள். அவற்றில் அவனைவிட, அஞ்சலி செலுத்தும் கட்சித் தலைவரின் முகம் பெரிதாக இருந்தது.

துக்க வீடுகளுக்கு ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுவது என் தொழில். பலர் நினைப்பதுபோல் அதனுள் ஐஸ் கிடையாது. வீட்டு ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்து மேலே கண்ணாடி மூடி போட்டதுபோலத்தான் அது. உள்ளே இருக்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ளும். அதனால்தான் பெட்டியின் கால்மாட்டில் நிற்பவர்கள்மேல் அனல் அடிக்கும்.

மணிவேல் எல்லையில் பனிச்சரிவில் புதைந்து இறந்தவன். தோண்டி எடுக்கவே பல நாள் ஆனது. ராணுவப் பெட்டியிலிருந்து அவனைத் தூக்கி என் பெட்டியில் கிடத்தியவர்களில் நானும் ஒருவன். மருத்துவர்கள் அறுத்துப் பார்த்துத் தைத்த உடல். முகம் மட்டும் தூங்குகிறவனுடையதைப்போல் இருந்தது.

ஸ்விட்சில் கை வைத்தேன். மூலையில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி வினோதினி எழுந்தாள்.

"வேணாம் மாமா. இப்பவே எடுத்துடலாம்."

மாமா என்று அவள் அழைத்தது மணிவேலின் சித்தப்பா இராமலிங்கத்தை. எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தவர் அவர்தான்.

"தலைவர் வர சாயந்திரம் ஆவும்மா. அவரு வாயால சொன்னாதான் உனுக்கு ஒரு வேலை கெடைக்கும். அதுவரைக்கும் இந்த வெய்யில்ல அப்படியே வெக்க முடியுமா?"

"குளுருலயே செத்தாரு. மறுபடியும் குளுருலயே போடறீங்களே."

"செத்தவனுக்கு இன்னாம்மா குளுரு? நீ போடு பாய்."

போட்டேன்.

குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்பக்கம் வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த இடம் தேடிப் படிகிறது. என் பெட்டியின் கண்ணாடியும் அப்படித்தான், வெளியே வேர்க்கும். துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே அடைபட்ட கொஞ்சம் ஈரமும் சீக்கிரமே உடலுக்கு அடியிலுள்ள குளிர்ந்த தகட்டில் உறைந்துவிடும் என்பதால் உள்பக்கம் காய்ந்தே கிடக்கும்.

மத்தியானம் துடைத்தபோது ஓரிடம் மட்டும் தெளியவில்லை.

அவன் வாய்க்கு நேரே.

உள்பக்கம்.

மூடியின் ரப்பர் விட்டிருக்கும் என்று நினைத்தேன். அதைச் சோதிக்கச் சுலபமான வழி உண்டு. இடையில் ஒரு காகிதத்துண்டை வைத்து மூடி, இழுத்துப் பார்க்க வேண்டும். காற்று புகும் இடமென்றால் காகிதம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சுற்றிலும் வைத்து இழுத்தேன். எங்கும் வரவில்லை. மூடி திறந்திருந்தபோதே அவன் கழுத்தையும் தொட்டுப் பார்த்தேன்.

கல்.

மூடினேன். மறுபடியும் படிந்தது. உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

உள்ளேயே எங்கோ வெதுவெதுப்பான காற்று பிறந்தாலொழிய அப்படி நடக்காது.

"பாத்தீங்களாண்ணா?" என் காதருகே வினோதினியின் குரல். "அவருக்குக் குளுருது."

பிளக்கைப் பிடுங்கினேன். இராமலிங்கம் ஓடிவந்து திரும்பச் சொருகினார்.

"இன்னா பாய், வெளையாடறியா? உன் பெட்டி ஓட்டப் பெட்டின்னா சொல்லு, வேற ஆள வரச் சொல்றேன்."

நான் கண்ணாடியைக் காட்டினேன். அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு ஒரு மாலையை எடுத்து, சரியாக அந்த இடத்தின்மேல் வைத்தார்.

தலைவர் இருட்டும் நேரத்தில் வந்தார். "இனி இது என் குடும்பம்" என்று மைக்கில் சொன்னார். அவர்கள் நிலத்தில் வெட்டிய குழிக்கருகே சிப்பாய்கள் மரியாதைக்குத் துப்பாக்கியை உயர்த்துவதற்குள் அவருடைய கார் கிளம்பிவிட்டது.

காலிப் பெட்டியை எடுக்கப் போனவன் அந்த மாலையை விலக்கினேன். ஈரத்தில் நான்கு விரல்கள் தேய்த்த தடம்.

அதுவும் உள்பக்கம்தான்.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு பகலில், என் மனைவி மெஹ்ருன்னிசா கொடுத்தனுப்பிய அரிசி பருப்போடு அங்கே போனேன். தலைவரின் பேனர் ஒரு மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகியிருந்தது. வேலை விஷயம் என்னாயிற்று என்று கேட்டேன்.

"ஃபோன எடுக்கறதில்லீங்கண்ணா," என்றாள் வினோதினி. "மாமாவும் இந்தப் பக்கமே வர்றதில்ல."

வெளியே தார்ச்சாலை இளகும் வெயில். உள்ளே அவளும் மாமியார் பாஞ்சாலையும் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில், என் பெட்டி இருந்த இடத்தில், அதே நீள அகலத்துக்குக் கம்பளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக விரிக்கப்பட்டிருந்தன. அடியில் எதுவுமில்லை. தரையோடு தட்டையாகக் கிடந்தன.

"ஏம்மா, அதுல ஒண்ண எடுத்து நீங்க போத்திக்கக் கூடாதா?"

"அவனுக்கே பத்தலப்பா," என்றார் பாஞ்சாலை. "வூடு வூடா கேட்டு வாங்கினு வந்தோம். இப்ப எங்களப் பாத்தாலே கதவ சாத்திக்கிறாங்க."

குனிந்து தரையைத் தொட்டேன். விரல் ஒட்டிக்கொள்ளும் குளிர். குளிர் தானாக உண்டாவதில்லை. எங்கிருந்தோ சூட்டை உறிஞ்சினால்தான் உண்டாகும். தலையை உயர்த்தினேன். இரண்டு பெண்களின் உதடுகளும் நீலம் பாரித்திருந்தன.

"வெளிய வாங்கம்மா. கொஞ்ச நேரம் வெய்யில்ல நில்லுங்க."

"நாங்களும் அவர வுட்டுட்டுப் போயிட்டா?" என்றாள் வினோதினி.

மேல் கம்பளியின் ஓரம் மடிந்திருந்தது. சரிசெய்யலாமென்று கையை நீட்டினேன்.

அதற்குள், கீழிருந்து, யாரோ அதை மெல்லத் தோள்வரை இழுத்துக்கொண்டார்கள்.