அன்டன் விட்ட இடைவெளி

முதற் பத்தின் நாலாவது மணியில், றெபேக்கா வாயைத் திறக்க முன்னமே யாரோ பதில் சொல்லிவிட்டார்கள்.

பிரெஞ்சு பேசும் குளிர்நகரத்தின் ஓரம், புவாண்ட்-கிளேரில் பெட்டி அடுக்கும் வேலை முடிந்து லாசாலில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் பஸ். நாலரை மணிக்கே இருட்டிவிடும் நவம்பர் மாதம். நனைந்த சப்பாத்து நாற்றமும் ஹீற்றரின் காய்ந்த சூடும் மூக்கில் ஏற, கண்ணாடியோடு சாய்ந்தபடி காதில் புதுப் பிளேயரை மாட்டியிருந்தாள். பாட்டு இல்லை, செபமாலை. அவள் புருசன் அன்டன் மந்திரத்தின் முதற்பாதியைச் சொல்லி நிறுத்துவான், மறுபாதியை அவள் உதட்டுக்குள் சொல்லி முடிப்பாள். செபமாலை அப்படித்தானே, பத்துப் பத்து மணியாக, மணிக்கொரு மந்திரம், ஒருவர் தொடங்கினால் மற்றவர் முடிக்கவேண்டும். அந்த இடைவெளியில் இத்தனை நாளும் கேட்டது பதிவில் விழுந்திருந்த வீட்டுப் பிரிஜ்ஜின் உறுமல் மட்டும். இன்றைக்கு ஒரு ஆம்பிளைக் குரல், அடைத்த தொண்டையோடு, அவளைவிட அரை மூச்சு முந்திச் சொன்னது. பழைய பிளேயரிலிருந்து புதியதற்கு மாற்றும்போது ஏதோ கலந்துபோயிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அன்டன் போய்ப் பதினைந்து மாதம். மன்னாரில் படுக்கையில் கிடந்த தாயைப் பார்க்கப் போனவன். போவதற்கு முதல்நாள் பழைய பிளேயரில் சின்ன மைக் ஒன்றைக் கொழுவி, குசினி மேசையில் இருந்து, அத்தனை மணியையும் ஒற்றையாளாய்ச் சொல்லிப் பதிந்தான். "நான் வருமட்டும் என்னோடை சேந்து சொல்லு, றெபேக்கா. ஒருநாளும் விடாதை." அங்கே ஒரு பின்னேரம் மருந்துக்கடைக்கென்று சைக்கிளில் போனான். அவனும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. உடல் கிடைக்கவில்லை என்றால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்றுதானே அர்த்தம்? இதை மறுத்துக் கதைத்தவர்கள் எல்லாரும் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அவன் குரல் என்று உலகத்தில் மிஞ்சியது அந்த முப்பத்தொரு நிமிடம்தான். அது கிடந்த இருபது ஜிபி பிளேயரோ பாட்டுகளால் விளிம்புமட்டும் நிரம்பி, டிக் டிக் என்று உள்ளே தட்டத் தொடங்கியிருந்தது. வில்லரேயில் கடை வைத்திருக்கும் பற்றிக், அன்டனின் கூட்டாளி, அதைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"தங்கச்சி, இந்த டிஸ்க் இண்டைக்கோ நாளைக்கோ எண்டு கிடக்கு. அறுபது ஜிபி ஒண்டு வந்திருக்கு. எல்லாத்தையும் அதுக்கு மாத்திவிடுறன்."

மாற்றி முடித்த கையோடு பழையது செத்தது.

"என்ரை கொம்பியூட்டரிலையும் ஒரு கொப்பி கிடக்கட்டுமே?" என்றான் பற்றிக்.

"வேண்டாம் அண்ணை, அழியுங்கோ. அது எங்கடை வீட்டுச் செபம்."

விசர் வேலைதான். ஆனாலும் புருசன் தனக்கென்று சொன்ன செபத்தை ஊரார் மிசினில் விட்டுவிட்டு வர அவளுக்கு மனம் வரவில்லை.

பஸ்ஸில் அந்தக் குரலைக் கேட்டதற்கு அடுத்த நாள் பதில் சொன்னவர்கள் நாலு பேர். அதற்கடுத்த நாள் எண்ணமுடியவில்லை. ஒரு மூடிய அறைக்குள் நெருக்கிக்கொண்டு முழந்தாளில் நிற்பவர்களின் முணுமுணுப்பு; துணி உரசுவது, யாரோ மூக்கை உறிஞ்சுவது, தரையில் ஈரப் பாதம் இடம் மாறுவது எல்லாம் கேட்டது. திரையைப் பார்த்தாள். முப்பத்தொரு நிமிடம் ஒன்றேகால் மணித்தியாலமாகியிருந்தது. பழையதில் இடம் இல்லை. இதில் இடம் கிடைத்ததும் ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது. அது அவளைப் பயமுறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், அவளுக்குச் சந்தோசமாகவே இருந்தது. பற்றிக்குக்கு உடனே போன் எடுத்தாள்.

"அண்ணை, அவர் தனிய இல்லை. எங்கையோ ஆக்களோடைதான் இருக்கிறார். சிறையோ முகாமோ, எல்லாருமாச் செபம் சொல்லினம். எனக்குக் கேக்குது."

அந்தப் பக்கம் பற்றிக் கடைக்கதவைச் சாத்துவது கேட்டது.

"றெபேக்கா, இது ஆத்துமாக்கள்ரை மாதம். கோயில்லை பேர் எழுதினம். அன்டன்ரை பேரையும் குடுப்பம் அம்மா. அவனுக்கும் இளைப்பாற்றி வேணும், உனக்கும் வேணும்."

"உயிரோடை இருக்கிறவற்றை பேரைச் செத்த ஆக்களோடை எழுதவோ? என்ன கதை கதைக்கிறியள்!" போனை அறைந்து வைத்தாள்.

வியாழக்கிழமை முதற் பத்து முடிந்தது. வழமையாக அன்டன் மூச்சு விட்டு, இரண்டாம் பத்தைத் தானே தொடங்குவான். இந்த முறை தொடங்கவில்லை. வீட்டில் எல்லாருமாகச் சொல்லும்போது பத்தை அடுத்தவருக்கு விடுவதுபோல, மரியாதையாகக் கூப்பிட்டான்.

"அம்புறோஸ் அண்ணை, இதை நீங்கள் சொல்லுங்கோ."

அடைத்த தொண்டை செருமியது. மந்திரத்துக்கு மந்திரம் செருமிவிட்டுச் சொல்லுகிற அந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுடைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்த அம்புறோஸ் அண்ணை. போன மாசியில், உறைந்த மண்ணில் ஒரு பிடி அள்ளி அவருடைய சவப்பெட்டியின்மேல் போட்டவள் அவள்.

ஐயோ மாதாவே.

அப்படியென்றால் அன்டன் நிற்கும் அறை எது? பதில் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அதைக் கிட்ட வரவிடவில்லை. அன்றிரவு பிளேயரை உடுப்பு அலுமாரிக்குள் எறிந்தாள். அடுத்த நாள் வேலையால் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் போய் எடுத்தாள். விடாதே என்று சொல்லிவிட்டுப் போனவன் ஆயிற்றே. இதையும் விட்டால் அவளுக்கு அவன் எங்கே?

ஐந்தரை மணி. வெளியே பனி கொட்டியது, குசினியில் சோறு அவிந்த வாசம். ஐந்து வயது மகள் ஜென்சி மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே றெபேக்கா. காதில் அம்புறோஸ் அண்ணை இரண்டாம் பத்தை முடித்தார். ஈரப் பாதங்கள் ஒதுங்கின. யாருக்கோ வழி விடுகிறார்கள். அன்டன் செல்லமாகச் சொன்னான்.

"இனிப் பிள்ளை சொல்லட்டும். ஜென்சி, தொடங்கு அம்மா."

பிள்ளை தொடங்கியது.

ஜென்சியின் குரல். பிள்ளைகளைப் பார்க்கும் கார்டெறியில் பிரெஞ்சு பேசிப் பேசி 'ர'வைத் தொண்டைக்குள் உருட்டுகிற அதே குரல். அருள் நிறைந்த மரியே. கூட்டம் பதில் சொன்னது. அன்டனும் சொன்னான்.

எதிரே ஜென்சியின் வாய் மூடியிருந்தது. கன்னம் நிறையச் சோறு.

"ஜென்சி. வாயைத் திற."

"குவா, என்ன அம்மா?" மென்ற சோற்றோடு வாய் திறந்தது. காதில் மந்திரம் நிற்கவில்லை. இரண்டாவது மணி. மூன்றாவது.

பெருவிரல் பட்டனைத் தேடியது. எல்லாவற்றையும் அழிக்கவா என்று திரை கேட்டது. அழித்தால் அன்டன் இல்லை. சிரிப்பில்லை, செல்லமில்லை, கூப்பிட ஒரு குரலில்லை. பதினைந்து மாதம் யாருக்கும் விட்டுக்கொடுக்காததை அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

"இஞ்சருங்கோ... நீங்கள் செத்துப்போனியள். எனக்குத் தெரியும். நாளைக்கே பேர் குடுக்கிறன். பிள்ளையை விட்டிடுங்கோ."

அழுத்தினாள்.

திரை வெறுமையானது. அறுபது ஜிபியும் காலி. இயர்போனைக் காதில் இருந்து பிடுங்கி எறிந்தாள். பிரிஜ் உறுமியது. வேறு சத்தம் இல்லை. கடவுளே, நன்றி. மேசையில் தலையை வைத்து அழுதாள்.

அழுது முடித்து நிமிர்ந்தபோது ஜென்சி சாப்பிடவில்லை. அவளுக்குப் பிடிக்காத பட்டாணிக் கடலைகளைச் சோற்றுக்குள் இருந்து பொறுக்கி, சோற்றுக் கோப்பையின் விளிம்பில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றை வைப்பாள். காத்திருப்பாள். தலையைச் சரித்து, யாரோ சொல்லி முடிக்கும்வரை கேட்டிருப்பாள். பிறகு அடுத்தது.

ஏழு.

"ஜென்சி, வேண்டாம்."

எட்டு.

கையைப் பிடித்தாள். ஐந்து வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு, பனியில் கிடந்த இரும்பாகச் சில்லிட்டு, அவள் பிடிக்குள் அசைந்துகொண்டே போனது.

ஒன்பது.

ஜென்சி பத்தாவதை விரல்நுனியில் எடுத்து, தகப்பனைக் கண்ட பிள்ளையின் முகத்தோடு, றெபேக்காவின் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள்.