கழுத்துப் பொத்தான்

வீட்டில் எல்லோரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். வயது பத்து. அடுப்பில் பால் பொங்கி வழிந்தால்கூடத் தெருவுக்கே சொல்லிவிடுவாள்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கைக்குழந்தையாக இருந்தபோது வாயாடிக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்தத் தழும்பு தெரியாமலிருக்க, கொளுத்தும் வெயிலிலும் அம்மா அவளுடைய சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிடுவாள். வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது? வாயாடியும் கேட்டுப் பார்த்தாள். திட்டுதான் கிடைத்தது.

அன்று அவளுடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் பல் டாக்டரிடம் போனார்கள். அங்கே வேலை பார்க்கும் அதே தெருவின் மாடிவீட்டு அத்தை, படிவம் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தாள். வந்தது வினை. ‘முன்பு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா?’ என்ற கேள்விக்கு அம்மா மளமளவென்று ‘இல்லை’ என்று எழுதினாள்.

இதய டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவளுக்குப் பல் பிடுங்க ஒரு மணி நேரம் முன்பே மருந்து கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயிலிருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து, இதயத்தில் வைத்த செயற்கை வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

“அம்மா, மருந்து?” என்று கிசுகிசுத்தாள்.

“ஒரு பல்லுதானே, ஒண்ணும் ஆகாது. அவளுக்குத் தெரிஞ்சா தெரு முழுக்க உன்னை நோயாளின்னு பேசுவாங்க. வாயை மூடிக்கிட்டு இரு.”

வாயை மூடிக்கொண்டு எப்படிப் பல் பிடுங்குவது? வேறொரு நாளாக இருந்தால் கேட்டிருப்பாள். இன்று தன் உயிரைவிடத் தெருப்பேச்சு அம்மாவுக்குப் பெரிதாகிவிட்டதே என்று மனசு கசந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். பல் டாக்டர் ஊசியை எடுத்ததும் வாயாடி கழுத்துப் பொத்தானைக் கழற்றினாள்.

“இதைப் பார்த்துட்டு அப்புறம் பிடுங்குங்க, டாக்டர்.”

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். தழும்பைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு வாயாடியிடமே விவரம் கேட்டு இதய டாக்டருக்குப் போன் செய்தார். மருந்து கொடுத்து, ஒரு மணி நேரம் உட்கார வைத்துத்தான் பல்லை எடுத்தார்.

அந்த ஒரு மணி நேரமும் அம்மா இவள் பக்கம் திரும்பவே இல்லை. மாடிவீட்டு அத்தை படிவத்தைத் திருத்தக் கொண்டுவந்தபோதும் அம்மாவின் கை நகரவில்லை. வாயாடியே பேனாவை வாங்கி, ‘இல்லை’யை அடித்துவிட்டு ‘ஆமாம்’ என்று எழுதினாள்.

“எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இப்ப திருப்திதானே?” என்றாள் அம்மா, தெருவுக்கு வந்ததும்.

வாயாடிக்கு வாய் நிறையப் பஞ்சு. அம்மாவின் கை பழக்கதோஷத்தில் கழுத்துப் பொத்தானைத் தேடி வந்தது. வாயாடி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். வீடு வரும்வரை விடாமல் பிடித்துக்கொண்டே நடந்தாள்.