இன்னும் கொஞ்சம் மென்மையாக

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆம்பூரில் அந்த மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் மாலை ஒரு திருமண வரவேற்பு. மேடைக்குப் பின்னால் இருக்கும் பெரிய எல்இடி திரையில் பாட்டுக்கு ஏற்ப ஒளி அசைய வேண்டும். அதை வடிவமைப்பது என் தொழில்.

மண்டபம் ஒரு காலத்தில் தோல் பதனிடும் கொட்டகை. சுவர்களைத் துணியால் மூடி, கண்ணாடி விளக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். வாடை மட்டும் போகவில்லை.

"எவ்ளோ சென்ட் அடிச்சாலும் சரி, வானம் மூடுனா போதும் தம்பி, ஆட்டுத்தோலு எழுந்து வந்துடும்," என்றார் வாஹித் பாஷா, மண்டபத்தின் எலக்ட்ரீஷியன். "மாப்பிள்ளைக்கு முன்னாடி அதான் மேடை ஏறும்."

அவர் சிரித்தார். நான் வயரைப் பிரித்தேன்.

என் மனைவி பூர்ணிமா இறந்து எட்டு மாதம். அதுவும் வெள்ளிக்கிழமைதான். வேலூரில் எங்கள் வாடகை வீட்டில், தலைக்குக் குளிக்கப் போனவள் குளியலறையில் விழுந்தாள். நான் முன்னறையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, இதே மண்டபத்துக்கான வேலையில் இருந்தேன். எழுந்து போய்ப் பார்த்தபோது மணி நாலு. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. விழுந்த நொடியே நினைவு போயிருக்கும், கூப்பிட்டிருக்கவே முடியாது என்றார் டாக்டர்.

அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் எட்டு மாதமாகப் படுத்து எழுகிறேன்.

அவள் அம்மா சௌந்தரம் கணியம்பாடியில் தனியாக இருக்கிறார். போனில் எழுத வராது. வெள்ளிக்கிழமைதோறும் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவார். கேள்வி எப்போதும் ஒன்றுதான். அன்றும் வந்தது.

"மாப்ள, சாப்ட்டியா? அவ உன்னக் கூப்டலதானே? இன்னொருவாட்டி சொல்லிடுப்பா. எனக்கு நெஞ்சு ஆற மாட்டேங்குது."

வேலை முடிந்து பதில் அனுப்பலாம் என்று போனைப் பையில் போட்டேன்.

நிகழ்ச்சியை எடுத்து நடத்தும் ஹுமேரா வந்தாள். கதவுகளைச் சாத்தச் சொன்னாள். வெளியே உச்சி வெயில். உள்ளே ஒரு நொடியில் கும்மிருட்டு.

பூர்ணிமா இறந்த அன்று முடித்த ஃபைலையே லேப்டாப்பில் திறந்தேன். அதன் பிறகு அதைத் தொட்டதில்லை. பாட்டைப் போட்டேன். திரையில் ஒரு ஒளி வட்டம் விரிந்தது. இளஞ்சிவப்பு நீலமாகக் கரைந்தது. நீலம் ஓரங்களில் பால் போலப் பரவியது.

இந்த மென்மைக்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு கணமும் புதுப் படத்தை அப்படியே போடுவதில்லை. பழைய படத்தில் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு புதியதைச் சிறிது கலப்பேன். பழையது எவ்வளவு நேரம் தங்குகிறதோ, அவ்வளவு மென்மை.

"அண்ணா, செமயா இருக்கு," என்றாள் ஹுமேரா. "ஆனா நடுவுல நடுவுல ஒரு துள்ளு துள்ளுது பாருங்க. பொண்ணு வீட்ல சாஃப்ட்டா கேட்டாங்க."

பார்த்தேன். பாட்டுக்குத் தொடர்பில்லாமல் வட்டம் இரண்டு முறை எம்பியது. அடங்கியது. மறுபடி இரண்டு முறை.

"மைக் இரைச்சல் மேடம். கைதட்டலுக்கும் அசையணும்னு மைக்கையும் சேர்த்திருக்கேன்."

மென்மையை ஏற்றினேன். துள்ளல் உருண்டையானது. ஆனாலும் எழுந்தது.

"இன்னும் கொஞ்சம் அண்ணா."

ஏற்றினேன். இப்போது அது எம்பவில்லை. திறந்து மூடியது.

ஒரு வாய் போல.

"ஐயோ, இது அழகா இருக்கே! இத மட்டும் எடுத்துடாதீங்க, அப்படியே உசுரு இருக்குற மாதிரி இருக்கு." அவள் போனில் அதைப் படமெடுத்தாள். பெண் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பூக்காரரைப் பார்க்க வெளியே போனாள்.

நான் பாட்டை நிறுத்தினேன்.

வட்டம் நிற்கவில்லை.

மைக்கைப் பிடுங்கினேன்.

இரண்டு எழுச்சி. இடைவெளி. இரண்டு எழுச்சி.

இருட்டில் வாஹித் பாஷா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இன்னா தம்பி இது, தோல் வாடை கம்மியாகி சீக்கா வாசம் அடிக்குது? யாரு தலைக்கு ஊத்திக்கினு வந்தது?"

எனக்கும் வந்தது. சீயக்காய். ஈர முடி. பக்கத்தில்.

மிகப் பக்கத்தில்.

அப்போதுதான் அந்த அசைவை எங்கே பார்த்தேன் என்று தெரிந்தது. அன்று மதியம் என் வீட்டு மேசையில். மண்டபத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்க மைக்கைத் திறந்து வைத்திருந்தேன். என் காதில் பாட்டு மட்டும். திரை பாட்டில் இல்லாத ஒன்றுக்கு எம்பிக்கொண்டே இருந்தது. வயர் லூஸ் என்று நினைத்தேன். வயரை மாற்றினேன். அப்போதும் எம்பியது. மென்மையை ஏற்றினேன். மறுபடி ஏற்றினேன்.

அவள் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். கல்லூரியிலிருந்தே அப்படித்தான். கௌ. தம்.

மென்மையைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன். விரல் நடுங்கவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வட்டம் உடைந்தது. நிறம் கரைவது நின்றது. கறுப்புத் திரையில் வெள்ளை முட்கள். இரண்டு நெட்டையாக. பிறகு இரண்டு. ஒவ்வொரு ஜோடியும் முந்தியதைவிடக் கொஞ்சம் குட்டை. இடைவெளி கொஞ்சம் அதிகம்.

நான் நின்று பார்த்தேன். நொடியில் நினைவு போனவள் இத்தனை முறை கூப்பிட முடியாது.

"தம்பி," வாஹித் பாஷா கிசுகிசுத்தார். "பாட்டு இல்ல, மைக் இல்ல. அது எதுக்கு ஆடுது?"

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் மெயின ஆஃப் பண்றேன். நீ வெளிய வா."

மெயின் சுவிட்ச் கட்டையை இறக்கும் சத்தம் கேட்டது. மின்விசிறிகள் நின்றன. ஏசி நின்றது. என் லேப்டாப் ஒளிகூட மங்கியது.

திரை அணையவில்லை.

முட்கள் மறைந்தன. அவற்றுக்குப் பதில் அந்த இளஞ்சிவப்பு வட்டம் தானாகத் திரும்பி வந்தது. யாரும் தொடாத மென்மையோடு திறந்தது. மூடியது.

வாஹித் பாஷா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். கதவைப் பூட்டி, சாவியை என் கையில் திணித்தார். "எனக்கு வேணாம் இந்த பேஜாரு. நாளைக்கு நீயே தொறந்துக்கோ," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

வெயிலில் படியில் உட்கார்ந்தேன். ரோட்டில் லாரி போனது. எதிர் டீக்கடையில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். போனை எடுத்தேன். சௌந்தரம் அத்தைக்கு நான் என்ன சொல்ல முடியும்? அறுபது வயது. ஒரே மகள்.

பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

"கூப்பிடல அத்த. டாக்டர் சொன்னாருல்ல. நீங்க சாப்பிடுங்க."

பத்து விநாடிகூட இருக்காது. அனுப்பினேன். உடனே நீல டிக் விழுந்தது. வழக்கமாக அடுத்த நிமிடமே "சரிப்பா" என்று வரும்.

வரவில்லை. டீ குடித்தேன். நிழல் படியைத் தாண்டியது. முக்கால் மணி நேரம் கழித்து வந்தது.

"மாப்ள." குரல் அழுது ஓய்ந்திருந்தது. "முழுசா கேட்டேன். எவ்ளோ பொறுமையா கூப்டுது எம்புள்ள. அதுக்குக் கோவமே வரல, பாத்தியா. அவ்ளோ நேரம் உன் பேரயே சொல்லுது, என்னய ஒருவாட்டி கூடக் கூப்டல."

நீண்ட மூச்சு.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவ கொரலு தேய்ஞ்சி அடங்குனதும், ஒரு ஆம்பள 'அப்பாடா, ஒழிஞ்சுது'ங்கறான். அது யாருப்பா?"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று கடைசியாக மென்மையை ஏற்றியதும் வட்டம் அசையாமல் நின்றது. அப்போது சொன்னது அது. வயரைச் சொன்னேன்.

நான் அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். நீளம் நாற்பத்தோரு நிமிடம்.

சத்தத்தை முழுசாக ஏற்றிக் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. போனில் ஒலிக்கோடுகள் மட்டும் இரண்டு இரண்டாக நகர்ந்தன. உயரம் குறைந்தன. விலகின. நாற்பது நிமிடம் வெறும் அமைதியைக் கேட்டேன்.

பிறகு என் குரல், தெளிவாக.

"அப்பாடா. ஒழிஞ்சுது."

அதற்கு அப்புறமும், மிகச் சின்னதாக, இரண்டு கோடுகள் இருந்தன.