புடிச்சிட்டேங்க

நூர் பாஷா “அமுக்கு” என்று சொல்வதற்கு முன்பே பிரேக் பெடல் அமுங்கியது.

“என்ன அவசரம் வஹிதா? நான் சொன்னப்புறம் மிதி” என்று காருக்கடியில் மல்லாந்து கிடந்தபடியே சலித்துக்கொண்டான்.

பதில் இல்லை. கோபமாக இருப்பாள். ஏழு மாத வயிற்றோடு அந்தக் குள்ள சீட்டில் உட்கார்ந்து பெடல் மிதிக்கச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? நாளைக் காலையில் அவளைப் பிரசவத்துக்குச் சேலத்தில் தாய்வீட்டில் விட வேண்டும். “பஸ்ல போயிக்கலாங்க” என்று கெஞ்சிப் பார்த்தாள். எண்பத்தாறில் பாலக்கோட்டில் வேறு எவனிடமும் ஸ்போர்ட்ஸ் கார் கிடையாது. ஓட்டை உடைசலாக வாங்கி, வீட்டு வாசலில் போட்டு எட்டு மாதம் பழுது பார்த்தவன் காதில் அது ஏறுமா? வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடித்தால் போதும்.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். மேலே இருப்பவர் மூன்று தடவை மிதித்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு குரல் கொடுக்க வேண்டும். கீழே இருப்பவர் சக்கரத்தருகே உள்ள நிப்பிள் திருகைத் திறந்தால், ஆயிலோடு காற்றும் அடியில் வைத்த பாட்டிலில் குமிழியாக வரும். மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும்.

மழை கட்டிய மத்தியானம். மார்க்கெட் பக்கமிருந்து அழுகிய தக்காளி வாடை வந்து, பிரேக் ஆயில் நெடியோடு கலந்து, தொண்டையில் ஒட்டிக்கொண்டது. தலைக்கு மேலே பெடல் முனகிக்கொண்டே இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி நின்றது.

“புடிச்சிட்டேங்க.”

திறந்தான். பாட்டிலில் ஒரு குமிழிகூட இல்லை. அப்பாடா என்றிருந்தது. மூடினான்.

“விடு.”

பெடல் ஏறவில்லை.

“வஹிதா, விடுன்னேன்!”

“யாரை விடச் சொல்றீங்க?”

குரல் வாசற்படியிலிருந்து வந்தது. காருக்கடியிலிருந்து பார்த்தான். வஹிதாவின் வெறுங்கால்கள் படியிறங்கி வந்தன.

“இடுப்பு வலிக்குது, டீ போடறேன்னு சொல்லிட்டு அப்பவே வூட்டுக்குள்ள போயிட்டேனே. காதுல வுழலீங்களா?”

முதுகைத் தரையில் தேய்த்து வெளியே வந்தான். நிமிர்ந்தான். சீட்டில் யாருமில்லை. நாளைக்கென்று அவள் கட்டிவைத்த பை மட்டும்.

பெடல் ஏறியது.

இறங்கியது. வேகமாக. அடியில் போய் இடித்தது. மறுபடி. மறுபடி. இறக்கத்தில் கைமீறிய வண்டியில் மிதிப்பதுபோல.

டீ டம்ளர் கீழே விழுந்து உருண்டது. வஹிதா இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்தியபடி அவன் பக்கத்தில் நின்றாள்.

காருக்குள் அவள் குரல் அலறிக்கொண்டிருந்தது.

“என்னங்க... புடிக்கலீங்க... புடிக்கலீங்க...”