மாதாவுக்கு ஒரு வெளிச்சம்

மிசினின் சத்தம் மாறியிருந்தது.

டொலறஸுக்கு மட்டும்தான் அது கேட்டது போலிருந்தது. இவ்வளவு நேரமும் தோட்டப் பக்கத்தில், மழையோடும் காற்றோடும் கலந்து, யாரோ அடுத்த தெருவில் புல் வெட்டுகிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்த ஜெனறேற்றர், பின்பக்கம் ஏதோ படாரென்று அடித்துச் சாத்திய பிறகு வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து உறுமத் தொடங்கியது. கதிரையின் கைப்பிடி லேசாக அதிர்ந்தது. செபமாலையின் இரண்டாம் பத்தைச் சொல்லிக்கொண்டிருந்த கணவர் சந்தியாப்பிள்ளை கண்ணைத் திறக்காமலே அடுத்த மணிக்குப் போய்விட்டார். செபத்துக்கு நடுவில் கதவைப் பாருங்கோ என்று எப்படிச் சொல்வது? முடியட்டும் என்று இருந்துவிட்டாள்.

எழும்பிப் போய்ப் பார்க்கவும் வழியில்லை. முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து மூன்று கிழமைதான். அதற்காகவே மகள் வாங்கிக் கொடுத்த கதிரை அது. றிமோட்டை அமத்தினால் காலைத் தூக்கி முதுகைச் சாய்க்கும். இன்னொரு பொத்தானை அமத்தினால் ஆளை அப்படியே நிமிர்த்தி எழுப்பி விடும். எல்லாம் கரண்ட் இருந்தால். மத்தியானம் வீசிய புயலில் சட்டன் நகரத்தில் பாதித் தெருக்களுக்குக் கரண்ட் போனபோது அவள் காலை உயர்த்திப் படுத்திருந்தாள். மல்லாத்திப் போட்ட ஆமை மாதிரி அப்படியே கிடக்கவேண்டியதாயிற்று.

ஜெனறேற்றர் வாங்கும்போதே மருமகன் கொட்வின் சொன்னவன்தான். "மாமா, வீட்டில என்னென்ன ஓடவேணும் எண்டு கூட்டிப் பாத்திட்டு, கொஞ்சம் பெரிசா எடுங்கோ."

"சண்டைக்காலத்தில மண்ணெண்ணெயில மிசின் ஓட்டின எனக்கு நீர் படிப்பிக்கப் போறீரோ?"

கடையில் இருந்ததிலேயே சின்னதைத் தூக்கி வந்தார். அதோடு வந்த புத்தகம் பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள் இன்னும் கிடக்கிறது. ஹீற்றர், பிறிட்ஜ், மாதாவின் விளக்கு, இவ்வளவுக்கே அது மூச்சு வாங்கியது. கதிரையையும் செருகியதும் திக்கித் திக்கி நின்றே போனது. "மாதாவுக்கு வெளிச்சம்தான் முக்கியம். நீர் கொஞ்சநேரம் படுத்திரும்" என்று கதிரையின் வயரைக் கழற்றிவிட்டார். அவளுக்கு உள்ளுக்குள் சுள்ளென்றது. ஆனால் மாதாவோடு போட்டி போட முடியுமா?

மாதா என்றால், மடு மாதாவின் சுரூபம். கோயிலில் இருந்து தமிழ் வீடுகளுக்கு முறை வைத்துப் போகிறது. இந்தக் கிழமை இவர்களுடைய முறை. மகள் பிறேமினிக்குக் கலியாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வயிற்றில் பிள்ளை, ஏழாம் மாதம். அதற்கு நன்றிச் செபம். புயல் வந்தாலென்ன, பூகம்பம் வந்தாலென்ன, மாதா முன்னால் இருட்டு ஆகாது என்று இந்த மனுஷன் மழையிலே நனைந்து மிசினைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். மழை அதன்மேல் கொட்டியது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் சத்தம் என்று வேலிக்கு மேலால் கத்தினார். கடைசியில் மாமனும் மருமகனும் அதைக் குசினிக்குப் பின்னால், பிளாஸ்டிக் கூரை போட்ட ஒட்டறைக்குள் இழுத்து வைத்தார்கள்.

"புகை உள்ளுக்கு வருமே, மாமா?"

"தோட்டக் கதவு ஆவெண்டு திறந்து கிடக்குது. பிறகென்ன புகை?"

குசினிக் கதவைத்தான் முழுதாகச் சாத்த முடியவில்லை. அதன் இடுக்கால் வயர் வந்தது.

மூன்றாம் பத்தில் வீட்டுக்குள் நடைபாதைச் சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டி கீச்சிடத் தொடங்கியது. போயிலர் திருத்த வந்தவன் பூட்டிவிட்டுப் போனது. நாலு கீச்சல், ஒரு இடைவெளி, மறுபடி நாலு. மாதாவின் முன்னால் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. இந்த வீட்டில் சாம்பிராணி போட்டாலும் மிளகாய் வறுத்தாலும் ஏதாவது ஒரு பெட்டி கத்தாமல் விட்டதில்லை.

"கொட்வின், அதை ஒருக்காக் கழட்டுங்கோ தம்பி. மாதாக்கு முன்னால இதென்ன கீச்சல்" என்றாள் டொலறஸ்.

"ஓம் மாமி."

அவன் எழும்பும்போது, தானும் பிறேமினியும் இருந்த செற்றியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். இரண்டு ஷிப்ட் அடுத்தடுத்துச் செய்த களை. பெட்டியைக் கழட்டித் தன் கோட்டில் சுற்றிப் படிக்குக் கீழேயிருந்த அலுமாரிக்குள் வைத்துச் சாத்திவிட்டு வந்து, இருந்தான் என்று சொல்ல முடியாது, விழுந்தான். கீச்சல் நின்றுவிடவில்லை. தூரத்தில், துணிக்குள், கோழிக்குஞ்சு மாதிரி.

"அம்மா, எனக்குத் தலை இடிக்குது. சத்தி வாற மாதிரிக் கிடக்கு" என்றாள் பிறேமினி.

"பிள்ளைத்தாச்சிக்கு அப்பிடித்தான் இருக்கும். செபம் முடியட்டும், தேத்தண்ணி தாறன்" என்றார் தகப்பன்.

டொலறஸுக்கும் தலை பாரமாகத்தான் இருந்தது. நோவுக்குக் கொடுத்த குளிசை அப்படித்தான் தூக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. அவளுக்குப் பக்கத்து யன்னல் மட்டும் ஒழுங்காகப் பூட்டாது. அதன் இடுக்கால் ஊசிபோல் குளிர்காற்று கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மற்ற யன்னலெல்லாம் குளிருக்கென்று ரேப் ஒட்டி அடைத்தவர் இதை மட்டும் பிறகு பார்ப்பம், பிறகு பார்ப்பம் என்று விட்டுவிட்டார். ஒரு மாதமாக அவள் அதற்காக அவரோடு கொழுவாத நாளில்லை.

நாலாம் பத்து. சந்தியாப்பிள்ளை முன்பாதியைச் சொல்ல, மூவரும் பின்பாதியைச் சொன்னார்கள். கொட்வினின் கட்டைக் குரல், பிறேமினியின் மெல்லிய குரல், தன்னுடையது. அடுத்த மணி. பிறேமினி, தான். டொலறஸ் கவனித்தாள்: கட்டைக் குரல் இல்லை. கொட்வின் தலையைப் பின்னால் போட்டு வாயைத் திறந்தபடி இருந்தான். நித்திரையாகட்டும், பாவம். அடுத்த மணிக்குப் பிறேமினியின் குரல் பாதியில் தேய்ந்து நின்றது. பிறகு டொலறஸ் தனியாகத்தான் சொன்னாள். தன் குரல் மட்டும் அந்த அறையில் கேட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பிறேமினி?"

ஹீற்றரின் சிவப்பு வெளிச்சத்தில் மகள் செற்றியில் சரிந்திருந்தாள். செபம் தொடங்கும்போது அவள்தான் வந்து, தாயின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்து, "பாருங்கோம்மா, உதைக்குது" என்று சிரித்தவள். இப்போது அவளுடைய கை அதே வயிற்றின் மேல் கிடந்தது.

"அருள் நிறைந்த..." என்று தொடங்கிய கணவர் நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். அதே இரண்டு சொல். முழந்தாளில் நின்றவர் மெதுவாக முன்னால் சாய்ந்து, மாதாவின் மேசையில் நெற்றியை வைத்தார். கும்பிடுகிறார் என்றுதான் நினைத்தாள்.

அவர் நிமிரவில்லை.

அலுமாரிக்குள் பெட்டி கத்திக்கொண்டிருந்தது. நாலு. இடைவெளி. நாலு. டொலறஸ் மாதாவைப் பார்த்தாள். சாம்பிராணிச் சட்டியைப் பார்த்தாள். கரி சாம்பலாகியிருந்தது. புகை இல்லை. எப்போதோ அணைந்துவிட்டது.

அப்படியென்றால் பெட்டி எதற்குக் கத்துகிறது?

ஒட்டறையில் மிசின் உறுமியது. படாரென்று சாத்தியது தோட்டக் கதவு, மிசினின் நச்சுப்புகை முழுக்கக் குசினிக் கதவு இடுக்கால் உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஐயோ, மாதாவே! நானல்லவா அதைக் கழட்டச் சொன்னேன்!

"இஞ்சருங்கோ! எழும்புங்கோ! பிறேமினி! வெளியில போங்கோ!"

கத்தினாள் என்றுதான் நினைத்தாள். வாயிலிருந்து வந்தது ஒரு முனகல். ஊன்றுகோல் சுவரோரம், கைக்கு எட்டாத இடத்தில். எல்லோருடைய போனும் குசினியில், மிசின் கரண்டில் சார்ஜில். தண்ணீர்க் கிளாஸை எடுத்து யன்னலுக்கு எறிந்தாள். கையில் பலமில்லை. அது கம்பளத்தில் சத்தமில்லாமல் உருண்டது. கைப்பிடியை ஊன்றி எழும்பப் பார்த்தாள். உயர்ந்திருந்த கால் இறங்க மறுத்தது. றிமோட்டின் எழுப்புகிற பொத்தானை அமத்தினாள். கரண்ட் இல்லை என்று தெரியும். தெரிந்துகொண்டே அமத்தினாள். விரலை எடுக்கவில்லை.

பெற்றோல் முடியும். முடிந்தால் நின்றுவிடும். மனம் அதைப் பிடித்துக்கொண்டது. உடனே இவருடைய குரலே ஞாபகம் வந்தது. "கழுத்து மட்டும் நிரப்பிப்போட்டன். விடிய மட்டும் ஓடும்."

குளிர்காற்று கன்னத்தில் அடித்தது. அந்த ஒரு இடுக்கு. அவளுக்கு மட்டும்.

நாலு. இடைவெளி. நாலு.

கண் மூடியது. திறந்தாள். மூடியது.

சட்டென்று வீடு முழுக்க வெளிச்சம் பாய்ந்தது. சுவர் விளக்கு, நடைபாதை விளக்கு, படி விளக்கு எல்லாம். கரண்ட் வந்துவிட்டது! ஆனால் கதிரையின் வயர் கழன்றல்லவா கிடக்கிறது என்று நினைக்கும்போதே, முதுகுக்குக் கீழே மோட்டர் முனகியது. மிசின் அதைத் தாங்காது என்று கழற்றிய வயரை, கரண்ட் வந்தால் மாமி கஷ்டப்படக் கூடாதென்று, கொட்வின் சொல்லாமல் கொள்ளாமல் சுவர்ப் பிளக்கில் செருகி வைத்திருக்கிறான். அவளுடைய விரல் இன்னும் பொத்தானில் இருந்தது.

கதிரை எழுப்பியது. மெதுவாக. கால் இறங்கியது. முதுகு நிமிர்ந்தது. தலை செற்றிக்கு நேரே வந்தது. பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூட முயன்றாள். மூட முடியவில்லை.

செற்றியில் இருந்த இரண்டு பேருடைய உதடும் சிவந்திருந்தன. செபத்துக்கு ஒரு நாளும் லிப்ஸ்ரிக் பூசாத பிறேமினியின் உதடும். நல்ல சுகமான நித்திரையில் இருப்பவர்கள் மாதிரி.

கதிரை நிற்கவில்லை. அவளை முன்னால் தள்ளியது. புது முழங்கால் மடங்கியது. கம்பளத்தில் விழுந்தாள். கை செற்றிப் பக்கம் நீண்டது. மகளின் காலுக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு முழம். அந்த ஒரு முழம் போக உடம்பில் எதுவும் இல்லை. இங்கே யன்னல் இடுக்குக் காற்றும் இல்லை.

பின்னால் மிசின் ஓடிக்கொண்டிருந்தது.

பிறேமினியின் நெஞ்சு அசையவில்லை. கை அசையவில்லை.

அந்தக் கைக்குக் கீழே, சேலைக்குள், வயிறு அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு உதை.

கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.